மாதம் 1,500 ரூபாய்க்குள் நல்ல பருத்தி உடை: எங்கே வாங்குவது, எப்படித் தைப்பது?

கேட்பவர்: விருத்தாசலத்துப் பெண்

வணக்கம். சொந்த ஊர் விருத்தாசலம். அம்பத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விடுதிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம், தம்பியின் படிப்புச் செலவு எல்லாம் போக, உடைக்கென்று மாதம் 1,500 ரூபாய் எடுத்து வைக்கலாம். அதுவும் எல்லா மாதமும் முடியாது.

இதுவரை கைப்பேசிச் செயலிகளில்தான் வாங்கி வந்தேன். 399 ரூபாய், 449 ரூபாய்க் குர்த்திகள். படத்தில் கண்ணைப் பறிக்கும். சில சலவைகளிலேயே அக்குள் பக்கம் நூல் பொடிப்பொடியாகத் திரண்டுவிடும், கழுத்துப் பட்டி சுருண்டுகொள்ளும். 'காட்டன் கலந்தது' என்று போட்டிருந்த ஒன்றை உடுத்திக்கொண்டு சித்திரை வெயிலில் பஸ்ஸில் நின்றால், முதுகில் பாலிதீன் தாளை ஒட்டிவைத்தது போல் இருக்கிறது.

விடுதிக்குப் பின்னால் ஒரு காலி மனை. அங்கே கொட்டும் குப்பையில் பாதி துணிதான். பெரும்பாலும் நிறம் கூட மங்காத, பளபளப்பான துணிகள். பகலில் மாடுகள் கிளறுகின்றன, இரவில் யாரோ கொளுத்திவிடுகிறார்கள். அந்தப் புகை ஜன்னல் வழியாக எங்கள் அறைக்குள் வருகிறது. அதைப் பார்த்த பிறகு அந்தச் செயலிகளைத் திறக்க மனம் வரவில்லை.

அதே சமயம், அலுவலகத்துக்கு அழகாக உடுத்திக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே இருக்கிறது. வயது 25. கைத்தறி என்றாலே வயதானவர்கள் உடுத்துவது என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். 'இயற்கைப் பருத்தி' என்று பெயர்ப்பலகை போட்ட கடைக்குள் நுழைந்தால் ஒரு குர்த்தி 2,800 ரூபாய்.

உண்மையான பருத்திதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆயத்த உடை வாங்குவதா, துணி எடுத்துத் தைப்பதா? விடுதியில் வாளியில்தான் துவைக்க வேண்டும், இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி இல்லை. இதற்கேற்ற யோசனை சொல்லுங்கள்.

பதில்: திருப்பூர் கியூ.சி.

அம்மிணி, திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பனியன் துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நெய்த துணிக்கு இங்கே வேறு ஆட்கள் வருவார்கள்.

இந்தப் பக்கம் வர வாய்ப்பிருந்தால் ரயில் நிலையத்தை ஒட்டிக் காதர்பேட்டை இருக்கிறது. ஏற்றுமதியில் மிஞ்சிய பீஸ், ஆர்டர் ரத்தானது, சின்னக் குறைக்காக ஒதுக்கியது எல்லாம் அங்கே வரும். ஏற்கெனவே தைத்து முடித்த துணி, யாரும் வாங்காவிட்டால் கழிவு. ஆகவே அதை எடுத்து உடுத்துவது நல்ல காரியம். ஆனால் 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்று அட்டை தொங்குவதெல்லாம் உண்மை என்று நம்ப வேண்டாம். உள்ளூர் விற்பனைக்கென்றே தைத்து, வெளிநாட்டு லேபிளைப் பொருத்தி விற்பதும் நடக்கிறது. லேபிளை விட்டுவிட்டுத் தையலைப் பாருங்கள்.

ஒரு டீ-ஷர்ட்டைக் கையில் எடுத்ததும் தோள்பட்டை இரண்டிலும் பிடித்துத் தொங்கவிடுவேன். பக்கத் தையல்கள் நேராகக் கீழே இறங்க வேண்டும். ஒன்று முன்பக்கம் திரும்பியிருந்தால் துணி முறுக்கு வாங்கியிருக்கிறது, துவைக்கத் துவைக்க இன்னும் திரும்பும். எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதைக் கீழே வைத்துவிடுங்கள். பிறகு தோள் தையலை விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே நாடா வைத்துத் தைத்திருந்தால் தோள் இழுபடாது. கழுத்தைச் சுற்றியுள்ள மீள்தன்மைப் பட்டியை (ரிப்) இழுத்து விட்டால் பழைய நிலைக்கு வர வேண்டும். துணியின் எடை 160 முதல் 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) இருந்தால் அன்றாடத்துக்கு ஏற்றது. 120, 130 என்றால் வெளிச்சத்தில் உள்ளாடை தெரியும். எண்ணெய்க் கறை, ஓரிடத்தில் தையல் விட்டது போன்றவை வீட்டிலேயே சரி செய்யக்கூடிய குறைகள். பின்னலில் ஊசி விட்ட ஓட்டை மட்டும் வேண்டாம், அது ஓடிக்கொண்டே போகும்.

சாயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நொய்யல் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதன் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிற பட்டறைகள்தான் இயங்கலாம் என்றானது. அந்தச் சுத்திகரிப்புக்குப் பெரும் பணம் செலவாகிறது. அடர் நிற டீ-ஷர்ட் 99 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், இந்தச் செலவை எங்கோ யாரோ செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். வெளிர் நிறத்துக்குச் சாயம் குறைவாகவே பிடிக்கும். இரண்டில் எது என்று தயங்கும்போது வெளிர் நிறத்தையே எடுங்கள்.

முத்திரைகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஜி.ஓ.டி.எஸ். என்ற சர்வதேச இயற்கைத் துணி முத்திரை இருந்தால் குறைந்தது 70 சதவீதம் இயற்கை வேளாண்மையில் விளைந்த இழை. ஓகோ-டெக்ஸ் என்றிருந்தால், உடலுக்குத் தீங்கான ரசாயனம் துணியில் தங்கியிருக்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள், அவ்வளவே. அது பாலியஸ்டருக்கும் கிடைக்கும். இரண்டும் ஒன்று என்று சொல்லி விற்பவர்கள் உண்டு.

பதில்: மாசி வீதித் தையல்கடை

தாயி, மதுரையில் தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் தையல்கடை வைத்திருக்கிறேன். துணி எடுத்துத் தைத்துக்கொள் என்பதுதான் என் பதில். இன்னும் சரியாகச் சொன்னால், சேலை எடுத்துத் தைத்துக்கொள்.

நல்ல பருத்தித் துணி மீட்டருக்கு 200, 250 ரூபாய் ஆகிறது. அதே கடையில் அச்சுச் சுங்குடிச் சேலை 600 முதல் 800 ரூபாய்க்குள் இருக்கும். சேலை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணியோடு ஆறேகால். வகுத்துப் பார், மீட்டர் 110, 120 ரூபாய்தான் வரும். அகலமோ 47, 48 அங்குலம். நடுத்தர உடம்புக்கு இரண்டு குர்த்தி தைத்து, ஒரு துப்பட்டாவும் எடுக்கலாம். லைனிங் இல்லாத குர்த்திக்கு எங்கள் பக்கம் கூலி 300, 350. சென்னையில் 450 கேட்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சேலை 700, கூலி 900. ஆக 1,600 ரூபாய்க்கு இரண்டு குர்த்தியும் ஒரு துப்பட்டாவும். முதல் மாதம் சேலை, அடுத்த மாதம் கூலி என்று பிரித்துக்கொண்டால் உன் கைக்குள் அடங்கும்.

வெட்டுவதில்தான் அழகு இருக்கிறது. சேலையை மீட்டர் துணி போல நீளவாக்கில் போட்டு வெட்டினால் கரை பக்கவாட்டில் போய் வீணாகும். குறுக்குவாக்கில் வெட்டச் சொல். அப்போது சேலையின் அகலம் குர்த்தியின் உயரமாகிவிடும். கீழ்க்கரை அப்படியே குர்த்தியின் அடியில் வந்து உட்காரும், மடித்து ஓரம் அடிக்கும் வேலையும் இல்லை. மேல்கரையை வெட்டியெடுத்துக் கை முனையிலும், கழுத்தின் முன்பட்டியிலும் வைக்கலாம். இப்படி வெட்டும்போது, சேலையில் நெடுக்காக இருக்கும் பாவு நூல் குர்த்தியில் குறுக்கே ஓடும், துணி உடம்பில் ஒட்டாமல் கொஞ்சம் விலகி நிற்கும். கீழே விரியும் ஏ-லைன் வெட்டுக்கு அது கச்சிதம். ஒரு குர்த்திக்கு இரண்டு மீட்டர் போதும். உயரம் மட்டும் 44 அங்குலத்துக்கு மேல் கேட்காதே, அகலம் இடம் கொடுக்காது. முந்தியில் வேலைப்பாடு இருந்தால் அதைத் துப்பட்டாவின் ஒரு முனையில் வரும்படி விட்டுவிடு.

வயதைக் கூட்டிக் காட்டுவது வெட்டுதான். தோள் இறங்கி, கைக்குழி தொளதொளவென்று இருந்தால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய துணியும் எடுபடாது. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். முக்கால் கை, நேரு காலர் அல்லது சின்ன 'வி' கழுத்து. பக்கத் தையலில் ஒரு பை வைக்கச் சொல், கைப்பேசி முழுதாக இறங்கும் ஆழத்துக்கு.

கூலி பேசும்போதே ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடு: இரு பக்கமும் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைக்க வேண்டும். ஆயத்த உடையில் கால் அங்குலம் விட்டு, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் தையல் அடித்து மீதியை வெட்டிவிடுகிறார்கள். உடம்பு சற்றுப் பூசினாலும் அந்த உடையின் கதை முடிந்தது. கல்யாணத்துக்கு முன் தைத்த குர்த்தியைப் பிள்ளை பிறந்த பிறகும் பிரித்துவிட்டு உடுத்தும் வாடிக்கையாளர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

கைலியையும் மறந்துவிடாதே. மூட்டாத கைலி இரண்டு மீட்டர், 250, 300 ரூபாய்க்கு நல்ல பருத்திக் கட்டம் கிடைக்கும். அதில் ஒரு சட்டை அருமையாக வரும். 1960-களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 'மெட்ராஸ்' என்று பெயர் சொல்லிக் காசைக் கொட்டி வாங்கியது இந்த மாதிரிக் கட்டத் துணியைத்தான். துவைத்தால் சாயம் ஒன்றோடொன்று கலப்பதையே அதன் சிறப்பு என்று விளம்பரம் செய்து விற்றார்கள். சின்னக் கட்டமாக, இரண்டே நிறத்தில் எடு. கறுப்புப் பேண்ட்டுடன் போட்டால் எந்த அலுவலகத்திலும் எடுப்பாக இருக்கும்.

பருத்திதானா என்று கேட்டாயே. ஓரத்திலிருந்து நெடுக்கு நூல் ஒன்று, குறுக்கு நூல் ஒன்று உருவித் தனித்தனியாகக் கொளுத்து. நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று என்று பருத்தியும் பாலியஸ்டரும் போட்டு நெய்வார்கள், அதனால்தான் இரண்டையும் எடுக்கச் சொல்கிறேன். பருத்தி, காகிதம் எரியும் வாடையோடு எரிந்து விரலில் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கிக் கெட்டியான கறுப்பு மணியாகும். மரக்கூழிலிருந்து செய்யும் ரேயானும் பருத்தியைப் போலவே எரியும். அதைக் கண்டுபிடிக்க இழையை நனைத்து இழுத்துப் பார். ரேயான் நனைந்தால் வலுவிழந்து சட்டென்று அறும். பருத்தி இழைக்கோ நனைந்தால் வலு கூடும்.

பதில்: திருச்சி செவிலியர்

புதிதாக வாங்குவதற்கு முன் ஒன்று. அலமாரியில் இருக்கும் பாலியஸ்டர் குர்த்திகளை, சூழலைக் காப்பாற்றுகிறேன் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போட்டால் அவையும் அந்தக் காலி மனைக்குத்தான் போய்ச் சேரும். மார்கழி, தை மாதங்களில் உடுத்தலாம். செயற்கை இழைத் துணியை ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் நார்கள் தண்ணீரில் கலக்கின்றன. அழுத்தித் தேய்க்காமல், சூடான நீர் ஊற்றாமல் அலசினால் அது குறையும். வேர்க்காத நாட்களில் காற்றாட உலர்த்தி இன்னொரு முறை உடுத்தலாம்.

எங்கள் விடுதியில் நாங்கள் செய்வதையும் சொல்கிறேன். பொங்கலுக்கு முன்பு, போகிக்குத் தீயில் போடுவதற்குப் பதிலாக, வேண்டாத உடைகளைத் துவைத்து மடித்துப் பொது அறையில் வைத்துவிடுவோம். அளவு சரியாக இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நான் உடுத்தும் நல்ல காட்டன் சல்வார்களில் பாதி அப்படி வந்தவைதான். அடுத்தவர் உடுத்தியதா என்று முதலில் முகம் சுளித்தவர்களே இப்போது முதல் ஆளாக வந்து நிற்கிறார்கள். 60 பெண்கள் இருக்கும் விடுதியில் எல்லா அளவும் கிடைக்கும்.

விருத்தாசலத்துப் பெண்

எல்லோருக்கும் நன்றி. தையல்கடை அக்கா சொன்னதைப் படித்ததும் ஊரில் அம்மாவின் டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. பத்துப் பன்னிரண்டு பருத்திச் சேலைகள் உடுத்தாமலே கிடக்கின்றன. சிலவற்றில் மடிப்பு விழுந்த இடத்தில் இற்றுப்போயிருக்கிறது. அவற்றை வெட்டலாமா? சாயம் போகும் துணியை ஒரே வாளியில் எப்படித் துவைப்பது? சென்னையில் கைத்தறிக்கு நம்பிப் போகக்கூடிய இடம் எது?

பதில்: நெகமம் தறிவீட்டுப் பெண்

தோழி, தையல்கடை அக்கா சொன்னதில் பாதியை ஏற்கிறேன், மீதியில் எனக்கு வழக்கு இருக்கிறது.

600 ரூபாய்க்குக் கிடைப்பது மில் துணியில் அச்சடித்த சுங்குடி. பருத்திதான், உடுத்த நல்லதுதான், தாராளமாக வெட்டித் தைக்கலாம். ஆனால் அதைக் கைத்தறி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அசல் மதுரைச் சுங்குடி என்பது துணியை நகத்தால் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் தோய்த்து எடுப்பது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. அதன் விலை வேறு.

எங்கள் ஊர் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் நெகமம். வீட்டில் குழித்தறி, தரையில் குழி வெட்டி அதில் காலை விட்டு நெய்யும் தறி. நெகமம் சேலைக்கு 2023-இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மா ஊடு நூலைத் தார் என்ற சிறு குழலில் சுற்றித் தர, அப்பா நெய்வார். பாவு பிணைப்பது, கஞ்சி போடுவது எல்லாம் தனி. ஒரு சேலை இறங்க இரண்டு நாளாவது ஆகும். அப்படி இறங்கிய சேலையைக் கத்தரியால் வெட்டுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. அதைச் சேலையாகவே உடுத்துங்கள். கச்சிதமான சட்டை ரவிக்கை போட்டு, மடிப்பை ஒழுங்காக வைத்துக் கட்டினால் 25 வயதுக்கு அதைவிடப் பொருத்தமான அலுவலக உடை இல்லை. உடம்பு பூசினாலும் இளைத்தாலும் பிரித்துத் தைக்கும் வேலையும் இல்லை.

சென்னையில் எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸின் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை இருக்கிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணியை விற்பதற்கென்று 1935-இல் தொடங்கிய நிறுவனம் அது. சேலை மட்டும் என்று நினைக்க வேண்டாம், சட்டைத் துணியும் சுடிதார் துணியும் மீட்டரில் கிடைக்கும். தீபாவளியை ஒட்டி வழக்கமாக 30 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள், மாதச் சேமிப்புத் திட்டமும் உண்டு. நீங்கள் மாதாமாதம் ஒதுக்கும் பணத்தை அதில் கட்டி வந்தால், ஆண்டு முடிவில் நாலைந்து நல்ல சேலை எடுக்கும் தொகை சேர்ந்திருக்கும். காந்தி ஜெயந்தியை ஒட்டிச் சர்வோதய சங்கக் கடைகளில் கதருக்குத் தள்ளுபடி உண்டு.

கைத்தறிதானா என்று பார்க்க, 2006 முதல் நடைமுறையில் உள்ள கைத்தறி முத்திரையைத் தேடுங்கள். முத்திரை இல்லாவிட்டால் சேலையின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெய்யும்போது துணி சுருங்காமல் அகலத்துக்கு இழுத்துப் பிடிக்கும் கம்பின் முனை குத்திய சிறு துளைகள் ஓரம் நெடுகத் தெரியும். இழை ஒரே சீராக, எந்திரம் அடித்தது போல் இருந்தால் சந்தேகப்படுங்கள். 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய சட்டம் 1985-இலிருந்து இருக்கிறது. அப்படியும் விசைத்தறி நகல்கள் கைத்தறி என்ற பெயரிலேயே எங்கள் சேலைக்குப் பக்கத்தில் பாதி விலைக்குத் தொங்குகின்றன. நெசவாளரின் வீட்டுக்கே வந்து நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுபவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடைகளில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். தறி வீட்டில் தயவுசெய்து பேசாதீர்கள்.

பதில்: மாசி வீதித் தையல்கடை

நெகமத்துப் பிள்ளை சொல்வது நியாயம். தறியிலிருந்து இறங்கிய புதுச் சேலையை நானும் வெட்டச் சொல்ல மாட்டேன். அச்சுச் சுங்குடியை வெட்டு, அம்மாவின் பெட்டியில் இற்றுப்போனதை வெட்டு. இற்றுப்போகாத கைத்தறிச் சேலை எதை என் கடைக்குக் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பழைய சேலையை வெட்டுவதற்கு முன் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார். மடிப்பு விழுந்த கோடுகளிலும், இடுப்பில் செருகும் பக்கமும் நூல் விலகித் தெரியும். அந்த இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு விலக்கிவிட்டு மற்றதில் வெட்டச் சொல். கைக்குழி, அக்குள், பின்முதுகு ஆகிய இடங்களுக்குக் கெட்டியான பகுதிதான் வர வேண்டும், இழுப்பு அங்கேதான் அதிகம். மெல்லிசாகிவிட்ட சேலைக்கு லைனிங் கட்டாயம், அதுவும் மெல்லிய பருத்தியான மல் துணியில். கடையில் கேட்காமலே பாலியஸ்டர் லைனிங் வைத்துவிடுவார்கள். வைத்தால் நீ பருத்தி எடுத்ததே வீண்.

சாயத்துக்கு வருவோம். புதுத் துணியின் ஓரத்தை நனைத்து ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பார். நிறம் இறங்கினால் முதல் சில சலவைக்கு அதைத் தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசு. ஊறவைத்துவிட்டு வேலைக்குப் போகாதே. நிழலில், உள்பக்கம் வெளியே தெரியும்படி காயப்போடு.

இஸ்திரிக்கு ஒரு வழி இருக்கிறது. பிழியாமல், தண்ணீர் சொட்டச் சொட்ட ஹேங்கரில் மாட்டு. கரையைப் பிடித்துக் கீழ்நோக்கி நன்றாக இழுத்துவிடு. கழுத்தையும் முன்பட்டியையும் விரலால் நீவிவிடு. காய்ந்ததும் முக்கால்வாசி சுருக்கம் போயிருக்கும். கஞ்சி வேண்டாம். முக்கியமான கூட்டம் இருக்கும் நாளுக்கு மட்டும் தெருமுனை வண்டியில் கொடுத்துத் தேய்த்துக்கொள்.

துணி எடுத்ததும் நேராகத் தையல்காரரிடம் ஓடாதே. சாயம் நிற்கிற துணி என்றால் இரவு முழுக்கத் தண்ணீரில் கிடக்கட்டும், சாயம் இறங்குகிற துணியை இரண்டு முறை நனைத்து உடனே எடுத்துவிடு. காயவைத்த பிறகுதான் வெட்டக் கொடுக்க வேண்டும், பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். முதலில் ஒரு குர்த்தியை மட்டும் கொடுத்துப் போட்டுப் பார். தோளும் கைக்குழியும் சரியாக அமைந்தால் அதையே அளவுக்கு வைத்து அடுத்ததைக் கொடு. உன் உயரம், மார்பளவு, எந்தச் சேலையில் எவ்வளவு நல்ல பகுதி இருக்கிறது என்பதை இங்கே எழுது. எதை எப்படி வெட்டுவது என்று சொல்லிவிடுகிறேன்.